புல்லிங் போன லாரி

மரக்காணத்துல உப்பு ஏத்திக்கிட்டு ஈசிஆர்ல வந்தேன். கடப்பாக்கத்துல புல்லிங் போச்சு. ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சாலும் வேகம் ஏறல; பின்னால கரும்புகை. "பம்பு போச்சே! முருகா, உனக்குக் கண்ணில்லையா?" என்று திட்டிவிட்டேன். தவணைக்கு வெச்சிருந்த பணம் அது.

ஓரங்கட்டினேன். வயசான மெக்கானிக் ஒருத்தர், "டீசல் பத்தலைன்னா கரும்புகை வராது. காத்துதான் பத்தல. பாட்டை நிறுத்து, ரேஸ் பண்ணு" என்றார்.

நிறுத்தினேன். 'உஸ்ஸ்...' டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போற ஹோஸில் கிளிப் தளர்ந்திருந்தது! முறுக்கினார், புல்லிங் வந்தது.

வழியெல்லாம் ஓடினது முருகன் பாட்டுதான், முழுச் சத்தத்துல. அந்தச் சத்தத்துல அவன் சொன்னது எனக்குக் கேக்கல.

கிருத்திகைக்குச் செய்யூர் கந்தசாமி முன்னால நின்னேன். வேண்டுதல் எதுவும் வைக்கல. திட்டினதுக்கு மன்னிப்பு மட்டும் கேட்டேன்.