உருண்டைத் தோட்டாவும் சதுரத் தோட்டாவும்

போரில் ஓர் ஆயுதத்தைப் பயன்படுத்தலாகாது என்று விலக்கும்போது, அந்த விலக்கு ஆயுதத்தின் கொடுமையைப் பொறுத்ததா, அதற்கு இரையாகும் மனிதர் யார் என்பதைப் பொறுத்ததா என்பது போரறம் பற்றிய ஆய்வுகளில் நேராகக் கேட்கப்படாமலே நழுவிவிடும் கேள்வி. ஐரோப்பியக் கிறித்தவ உலகம் இதற்கு அளித்துவந்த விடை, இறையியல் நூல்களைக் காட்டிலும் தெளிவாக ஒரு துப்பாக்கியின் வரைபடத்தில் பதிவாகியுள்ளது. லண்டன் வழக்கறிஞரும் எழுத்தாளருமான ஜேம்ஸ் பக்கிள் 1718 மே 15 அன்று காப்புரிமை பெற்ற அத்துப்பாக்கி, முக்காலியின்மேல் நிறுத்தப்பட்டு, குழலுக்குப் பின்னுள்ள சுழல் உருளையைக் கையால் திருப்பித் திருப்பிச் சுடப்படுவது; எதிரிகள் கப்பலில் ஏறிவிடாமல் தடுப்பதே அதன் முதன்மையான நோக்கம். வரைபடம் அதற்கு இருவகைத் தோட்டாக்களைக் குறிக்கிறது: கிறித்தவர்களைச் சுட உருண்டைத் தோட்டா, துருக்கியரைச் சுடச் சதுரத் தோட்டா. சதுரமானது உடலை மேலும் கொடூரமாகக் கிழிக்கும் என்று நம்பப்பட்டது.

1722இல் கொட்டும் மழையில் நடந்த சோதனையில் ஏழு நிமிடங்களில் 63 முறை சுட்டுக் காட்டிய இக்கருவியை, அக்காலத்துக் காலாள் வீரன் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறையே சுட முடிந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், எந்திரத் துப்பாக்கியின் முன்னோடி என்று போற்றத் தோன்றுவது இயல்பே. ஆயினும் பிரிட்டிஷ் அரசு அதை ஏற்கவில்லை. அதற்கான நிறுவனத்தில் பங்கு வாங்கியவர்களைத் தவிர வேறு யாரையும் அது காயப்படுத்தவில்லை என்று ஏளனம் எழுந்தது. கடந்த காலத்தார் கற்பனை செய்த எதிர்காலங்களைத் திரும்பிப் பார்த்து மகிழும் இன்றைய ரசனை, அதாவது ரெட்ரோஃபியூச்சரிசம் எனப்படும் ஈடுபாடு, இத்தகைய கருவிகளில் பொறியியல் விந்தையை மட்டும் கண்டு நின்றுவிடுகிறது. சதுரத் தோட்டா அந்த ரசனைக்கு ஒரு வேடிக்கைக் குறிப்பு. அறவியலுக்கோ அது சாட்சியம்.

அச்சாட்சியம் பக்கிளின் தனிப்பட்ட வக்கிரத்தைக் காட்டுவதன்று. 1139இல் திருத்தந்தை இரண்டாம் இன்னொசென்ட் கூட்டிய இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம், தன் 29ஆம் விதியில், குறுக்குவில்லாளர், வில்லாளர் ஆகியோரின் கொலைக்கலை கடவுளுக்கு வெறுப்பானது என்று கண்டித்து, அதைக் கிறித்தவருக்கு எதிராகப் பயன்படுத்துவோர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்று விதித்தது. (குறுக்குவில் என்பது கட்டையில் குறுக்காகப் பொருத்திய வில்லை இழுத்துப் பூட்டி, விசையைத் தட்டி எய்யும் கருவி, நெடுநாள் பயிற்சியில்லாதவனும் அதைக் கொண்டு கவசமணிந்த வீரனை வீழ்த்திவிடலாம்.) இவ்விதி வில்வித்தைப் பந்தயங்களைக் குறித்தது என்று கருதுவோரும் உண்டு. திருச்சபையின் அதிகாரம் அதன் உறுப்பினர்மீது மட்டுமே செல்லும் என்பதால் விதியும் அவர்களோடு நின்றது என்று சங்கத்தின் சார்பில் வாதிடலாம். ஆனால் அவ்வாதம் எய்பவனுக்குத்தான் பொருந்தும். எய்பவன் கிறித்தவனாயிருக்கும்வரை, அவன் யார்மீது எய்தாலும் தடுக்கும் அதிகாரம் சங்கத்துக்கு இருந்தது. மனிதர் அனைவரும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர் என்ற போதனையும் அதன் கையிலேயே இருந்தது. இருந்தும், கடவுளுக்கே வெறுப்பானது என்று சொல்லப்பட்ட ஒரு செயல் எய்யப்படுபவனின் சமயத்தைப் பொறுத்தே தண்டனைக்குரியதாயிற்று. இதில் உள்ள முரண் எளிதில் ஆறுவதன்று.

பதினாறாம் நூற்றாண்டில் சலமான்காவில் இறையியல் கற்பித்த பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா, சமய வேறுபாடு போர் தொடுக்க நியாயமான காரணமாகாது என்று துணிந்து கூறியவர். அவரே, போரில் பிடிபட்ட கிறித்தவரை அடிமையாக்கலாகாது, முஸ்லிம்களின் பெண்டு பிள்ளைகளை அடிமையாக்கலாம் என்றும் எழுதினார். போரைத் தொடங்கும் நியாயத்திலிருந்து விரட்டப்பட்ட வேறுபாடு, போரை நடத்தும் முறைக்குள் வந்து குடியேறிக்கொண்டது.

சமயத்தின் இடத்தை நாகரிகம் பிடித்த பிறகும் வாதத்தின் எலும்புக்கூடு மாறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில், முனையின் உலோக உறை நீக்கப்பட்டு ஈயம் வெளித்தெரியும் தோட்டா உருவாக்கப்பட்டது. உடலில் பாய்ந்ததும் அது விரிந்து பெரும்புண்ணை உண்டாக்கும். 1899இல் ஹேக் மாநாட்டில் இதைத் தடைசெய்யும் யோசனை வந்தபோது, பிரிட்டனின் பிரதிநிதி சர் ஜான் ஆர்டா, நாகரிக நாட்டு வீரன் காயம்பட்டால் ஒதுங்கிவிடுவான், காட்டுமிராண்டியோ பலமுறை சுடப்பட்டாலும் முன்னேறி வருவான் என்ற வாதத்தை வைத்தார். தடை நிறைவேறியது, ஆனால் கையெழுத்திட்ட அரசுகள் தமக்குள் போரிடும்போது மட்டுமே அது கட்டுப்படுத்தும் என்ற வாசகத்துடன் நிறைவேறியது. குடியேற்ற நாடுகளின் மக்கள் எங்கும் கையெழுத்திடும் நிலையில் இல்லை.

1910இல் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் வெளியிட்ட ஒரு சிறுகதை, 1976ஆம் ஆண்டைக் கற்பனை செய்து, மேலை நாடுகள் விமானங்களிலிருந்து நோய்க்கிருமி நிறைந்த கண்ணாடிக் குழாய்களை வீசிச் சீன மக்களை அழித்தொழிப்பதாகச் சொல்கிறது. பின்னர் அந்நாடுகளுக்குள்ளேயே பூசல் மூளும்போது, அதே முறையை ஒருவர்மீது ஒருவர் பயன்படுத்துவதில்லை என்று அவை உறுதி பூணுகின்றன. கற்பனையான அந்த உடன்படிக்கையும் ஹேக் வாசகமும் லாத்தரன் விதியும் ஒரே அச்சில் வார்த்தவை.

இவற்றைக் காக்கும் வலுவான வாதம் ஒன்றுண்டு: எதிரி கட்டுப்படாதபோது தன் வீரனை மட்டும் கட்டிவைக்க எந்த அரசாலும் முடியாது, ஆகவே போரில் கட்டுப்பாடு பரஸ்பரமாகவே இருக்க இயலும் என்பது. நடைமுறையில் இதை மறுப்பது கடினம். எனினும் பரஸ்பரம் என்பது எதிரியின் செயலுக்கு ஈடான மறுசெயல். பக்கிளின் வரைபடம் துருக்கியர் என்ன செய்தார் என்று கேட்கவில்லை, அவர் துருக்கியர் என்பதே அதற்குப் போதுமாயிருந்தது. இரையின் அடையாளத்தால் விலகும் தடை ஒரு குழுவின் உள்ளொப்பந்தமே; அதற்கு அறம் என்ற பெயர் பொருந்தாது.

பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய 1998ஆம் ஆண்டு ரோம் சட்டம், நாடுகளுக்கு இடையிலான போரில் விரியும் தோட்டாவைப் பயன்படுத்துவதைப் போர்க்குற்றமாக்கியது. ஒரு நாட்டுக்குள் நடக்கும் ஆயுத மோதலுக்கும் அது குற்றமாக விரிவாக்கப்பட்டது 2010இல் கம்பாலாவில்தான். அத்திருத்தமும் அதை ஏற்ற உறுப்பு நாடுகளையே கட்டுப்படுத்துகிறது. டம்டம் அமைந்துள்ள இந்தியா இன்றுவரை அந்த நீதிமன்றத்தில் உறுப்பினராகவில்லை.