ஒப்பிடாத வகுப்பறை

1976-ஆம் ஆண்டு பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் எச். நரசிம்மையா, அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் அறிவியல் முறைப்படி ஆராய ஒரு குழு அமைத்தார். வெறுங்கையில் விபூதி வரவழைப்பவர் என்று புகழ்பெற்றிருந்த சத்ய சாயி பாபாவுக்கே கடிதம் எழுதி, சோதனைக்கு உட்படச் சம்மதமா என்று கேட்டார். பாபா அந்த அழைப்பை ஏற்கவில்லை. ஊரில் பெரிய சர்ச்சை எழுந்தது. கேட்டவரை நாத்திக வம்புக்காரர் என்று ஒதுக்கிவிடவும் வழியில்லை. அவர் கதர் உடுத்திய காந்தியர். 1942-இல் சிறை சென்றவர். ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவந்தும், பசவனகுடி நேஷனல் கல்லூரி விடுதியின் ஓர் அறையிலேயே வாழ்ந்தவர். மாணவனுக்கு முதலில் எதைக் கற்றுத்தருவது என்ற கேள்விக்கு அவரிடம் தயக்கமில்லாத விடை இருந்தது: யாராக இருந்தாலும் கேள்வி கேட்கக் கற்றுக்கொடு.

இரண்டு ஆண்டு கழித்து, 1978-இல், அதே நகரின் தெற்கே கனகபுரா சாலையில் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் ‘தி வேலி ஸ்கூல்’ தொடங்கியது. உலக குரு என்று தன்னை அறிவிக்கக் காத்திருந்த அமைப்பை 1929-இல் தானே கலைத்துவிட்டு வெளியேறியவர் அவர். குருமார்களை நம்பாததில் இருவரும் ஒரே கட்சி. பிரிவது கேள்வியின் திசையில்தான். விபூதி எங்கிருந்து வந்தது என்று நரசிம்மையா கேட்டார். அதைக் கண்டதும் நம் கை ஏன் தானாகக் குவிகிறது என்று கிருஷ்ணமூர்த்தி கேட்டிருப்பார்.

அதே 1978 செப்டம்பரில் தம் பள்ளிகளுக்கு அவர் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கவலை பாடத்திட்டம் பற்றியதல்ல. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடும்போது இருவருக்கும் நடுவே என்ன நேர்கிறது என்பதே. தரவரிசை இருக்கும் இடத்தில் பொறாமையும் பயமும் இருக்கும். பயந்த பிள்ளையால் அடுத்தவரைக் கவனிக்க முடியாது. ஆகவே பரிவு என்பது தனியாக ஒரு பாடமல்ல. ஒப்பிடுவதை நிறுத்தினால் அதற்கு இடம் கிடைக்கலாம், அவ்வளவே. தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இது விளங்கும். அட்டவணையில் ‘நீதிபோதனை’ என்று ஒரு பீரியட் இருக்கும். அதைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வார். நடந்த அபூர்வ நாள்களிலும் அங்கே யாரும் நல்லவராகிவிட்டதாகச் செய்தியில்லை.

ஆனால் ஒப்பிடாமல் கற்பிக்க முடியுமா? எட்டு நூற்றாண்டுக்கு முன்பே பவணந்தி முனிவருக்கு இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. கங்க மரபினனான சீயகங்கன் கேட்டுக்கொள்ள அந்தச் சமணத் துறவி நன்னூலை எழுதினார். (கங்கர்களின் பழைய தலைநகரான குவளாலம்தான் பெங்களூருக்குக் கிழக்கே இருக்கும் இன்றைய கோலார்.) இலக்கணத்துக்குள் நுழையும் முன், பாயிரத்தில், பாடம் சொல்லும் முறையை அவர் வகுத்துவிடுகிறார். இடமும் காலமும் பார்க்க வேண்டும். அவசரமும் கோபமும் கூடாது. முகமலர்ச்சியோடு, எதிரே இருப்பவன் எப்படி வாங்கிக்கொள்வான் என்றறிந்து, அவன் மனம் கொள்ளும்படி தர வேண்டும். எதைக் கற்பிப்பது என்ற முடிவை, யாருக்கு என்பதிலிருந்து அவர் பிரிக்கவே இல்லை. இதைவிடச் சுருக்கமான ஆசிரியப் பயிற்சிக் கையேடு கிடைப்பது கடினம்.

அதே பாயிரம்தான் மாணாக்கரைத் தலை, இடை, கடை என்று மூன்றாகப் பிரிக்கவும் செய்கிறது. அன்னமும் பசுவும் மேலே, மண்ணும் கிளியும் நடுவே, ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் கீழே. பிள்ளையை அறிந்துகொள் என்ற அதே வாயால், அறிந்தபின் வரிசைப்படுத்து என்றும் சொல்லியாகிவிட்டது. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட முடியுமா என்பதே கிருஷ்ணமூர்த்தி பள்ளிகள் எடுத்துக்கொண்ட சோதனை. அது பாதியில் நிற்பதும் தெரிந்ததே. கனகபுரா சாலைப் பிள்ளைகளும் பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு எழுதுகிறார்கள். மதிப்பெண் பட்டியல் அவர்களையும் வரிசையில் நிறுத்திவிடுகிறது.

இந்தச் சோதனை கட்டணப் பள்ளியின் மதிலுக்குள்ளேயே முடிந்திருந்தால் அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மதனப்பள்ளி பக்கத்தில் உள்ள கிருஷ்ணமூர்த்தியின் ரிஷி வேலி பள்ளியில் பத்மநாப ராவும் ரமாவும் சுற்றுக் கிராமப் பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிந்தது. அட்டைகள் ஓர் ஏணியில் அடுக்கப்பட்டன. எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து ஏறலாம். அதைப் பார்த்துவந்த கர்நாடக அரசுப் பள்ளி ஆசிரியர்கள் 1995-இல் மைசூரு மாவட்டத்தின் எச்.டி. கோட்டையில் ‘நலி கலி’யைத் தொடங்கினார்கள். பின்னர் அது மாநிலம் முழுவதும் பரவியது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு 2003-இல் வந்தபோது அதன் பெயர் செயல்வழிக் கற்றல். கீழ்மட்டக் கரும்பலகை, கம்பிப் பந்தலில் தொங்கும் படங்கள், தரையில் பிள்ளைகளோடு வட்டமாக உட்கார்ந்த ஆசிரியர் என்று ஒரு தலைமுறைக்கு வகுப்பறையே உருமாறியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்த முறையையும் நம்பாத ஒருவரின் பள்ளியிலிருந்து ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது ஒரு முறைதான். அட்டைகளை அச்சடித்து வேனில் அனுப்பலாம். பிள்ளை ஏன் மூன்று நாளாக ஒரே அட்டையில் நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் மனத்தை அனுப்ப வழியில்லை. அது இருந்த வகுப்பில் ஏணி உதவியது. இல்லாத வகுப்பில் பதிவேட்டில் டிக் அடிக்கும் வேலை ஒன்று கூடியது.

வெளியே இருந்து வரும் சண்டைகளில்தான் வகுப்பின் உறவு சோதிக்கப்படுகிறது. 2022-இல் கர்நாடகத்தில் ஹிஜாப் அணிந்த மாணவியரை வாசலில் நிறுத்தியபோது, வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களே எதிரெதிர் கோஷம் போட்டார்கள். உயர் நீதிமன்றம் மார்ச்சில் தடையை ஏற்றது. உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அக்டோபரில் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். சீருடை எதற்கு, சமத்துவம் என்றால் எல்லாரும் ஒரே மாதிரி தெரிவதா என்ற கேள்விகளை வகுப்பிலேயே பேச அந்த மாதங்களைவிட நல்ல வாய்ப்பு இருந்திருக்காது. கல்லூரிகளையோ சில நாள் மூடி வைத்தார்கள்.

முட்டைச் சண்டையின் கதை வேறு. 2021 டிசம்பரில் வட கர்நாடகத்தின் சில மாவட்டங்களில் மதிய உணவோடு முட்டை கொடுக்கத் தொடங்கியதும் சில மடாதிபதிகள் எதிர்த்தார்கள். சைவப் பிள்ளைகளைப் பிரித்து வைத்ததுபோல் ஆகும் என்பது அவர்கள் வாதம். கொப்பள் மாவட்டத்து மாணவி ஒருத்தி, எங்களுக்கு முட்டை வேண்டும் என்று நேரடியாகச் சொன்ன காணொளி மாநிலமெங்கும் சுற்றியது. கேட்பதற்கு யாரும் அவளுக்குத் தனியாகப் பயிற்சி தந்திருக்க மாட்டார்கள். நரசிம்மையா கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். இப்போது அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையின் நிதியோடு வாரம் ஆறு நாளும் முட்டை உண்டு. வேண்டாதவர்களுக்கு வாழைப்பழம். யார் எதை எடுக்கிறார்கள் என்பது வரிசையில் எல்லாருக்கும் தெரியும். யாருக்கு எது என்று ஆசிரியர் தினமும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கேள்வியை எந்தக் குரலில் கேட்பது என்பது எந்த அட்டையிலும் அச்சாகவில்லை.