மல பெந்திலா

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த பாஸ், டோர்ச்சை ஒரு தரம் அடித்துப் பார்த்துவிட்டு இரண்டே சொல் சொன்னார்: "மல பெந்திலா." கறள் கட்டிவிட்டதாம். சிங்களத்தில் இரும்புக் கறளுக்கு மல என்று பேர். சாதாரண தர வகுப்புகளுக்கு முப்பது வருடம் சைவநெறி படிப்பித்தவன் நான். ஆணவம், கன்மம், மாயை என்று மும்மலத்தைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! அந்தச் சொல் கெட்டம்பேயில் மகாவலியோரத்துக் கராஜ் ஒன்றில் எண்ணெய் மணத்தோடு வந்து காதில் விழுந்தது.

கார் அப்பாவுடையது. 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அதை விலைக்குக் கேட்டு வராத ஆள் இல்லை. 2022இல் பெற்றோல் க்யூவில் நின்று அலுத்துப்போய்க் கொட்டிலில் விட்டவன்தான், பிறகு தொடவில்லை. கண்டியில் எந்தப் பருவ மழையும் நம்மை மறப்பதில்லை. இரண்டு பருவ மழைக்கும் நடுவே ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் பின்னேரமாக இடியோடு கொட்டும். கொட்டிலுக்குள் நின்றாலும் ஈரம் தேடி வரும். இப்போது பிரேக்கை மிதித்தால் மிதி தரையைத் தொடுகிறது. மாஸ்டர் சிலிண்டரைக் கழற்ற வேண்டும். மைனரில் அது சாரதியின் காலடியில், செஸிக்குள் ஒளிந்திருக்கும். இரண்டு நீள போல்ட்டுகள் அதைப் பிடித்திருக்கும். அவற்றை உருவ முடியாமல் டோர்ஷன் பார் குறுக்கே நிற்கும்.

பாஸ் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஒரு போல்ட்டின் தலையில் ஆறு மூலையும் உருண்டுபோயிருந்தன. அது கறள் செய்த வேலை அல்ல, என் வேலை. ஐந்தாறு வருடத்துக்கு முன் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கி, கையில் அகப்பட்ட 13 ஸ்பேனரைப் போட்டு முழுப் பலத்தோடும் இழுத்தேன். மைனரின் கணக்கு அங்குலம். அரை அங்குலத் தலை என்றால் 12.7 மில்லிமீற்றர். மிச்சம் 0.3தான். அந்தச் சின்ன இடைவெளியில் ஸ்பேனர் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் வழுக்கி, ஒவ்வொரு மூலையாகத் தின்றுவிட்டது. போல்ட் அசையவேயில்லை.

இறுகுவது ஒன்று, உருளுவது இன்னொன்று. அன்றிரவு படுத்தபடி இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆணவத்தைச் சித்தாந்தம் சகசமலம் என்கிறது. செம்போடு களிம்பு போல உயிரோடு என்றைக்கும் கூட இருப்பது. கன்மமும் மாயையும் ஆகந்துகம், இடையில் வந்து ஒட்டியவை. கறளுக்குத் தொடக்கம் உண்டு, ஆணவத்துக்கு இல்லை, ஆகையால் உவமையை அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். ஆனால் போல்ட்டின் உருண்ட தலை எனக்குக் கன்மமாகவே தெரிந்தது. அதை உருட்டியது விடுவிக்க வந்த கை. நல்வினையும் விலங்குதான், பொன்விலங்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கு வெள்ளி எண்ணி எண்ணிச் சுற்றி, யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை பிசகினால் சினந்துகொள்ளும் என்னைப் பற்றி அது பேசவில்லை என்றே இருந்துவிட்டேன்.

மறுநாள் பாஸிடம் மலத்தைப் பற்றிக் கதை கொடுத்தேன். சின்ன வயதில் தஹம் பாசலுக்கு, அதுதான் பௌத்த அறநெறிப் பாடசாலைக்கு, போனவர், விடவில்லை. தம்மபதத்தில் பதினெட்டாவது வர்க்கத்துக்குப் பேரே மல வர்க்கம்தானே, இரும்பில் பிறக்கிற கறள் அந்த இரும்பையே தின்கிற மாதிரி மனுசனை அவன் செய்தது தின்னும் என்று அதில் இருக்கிறது என்றார். நான் சித்தாந்தியின் பழைய ஆட்சேபத்தை எடுத்து வைத்தேன். மலம் உயிரிலேயே பிறப்பது என்றால், போக்கிய பிறகும் அது திரும்பப் பிறக்குமே, அப்படியானால் முத்தி எதற்கு? பாஸ் கம்பி பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எண்ணெய் பூசாம விட்டா திரும்பத்தான் வரும், சேர்." பிற மதங்களை மறுக்கும் பரபக்கத்தில் நாலு வகைப் பௌத்தரை மறுத்த அருணந்தி சிவாசாரியார் இதற்கு என்ன சொல்லியிருப்பாரோ. எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு நாள் அவர் ஸ்பேனரையே தொடவில்லை. பிரஷ்ஷால் தேய்த்து, கியர் எண்ணெயில் தின்னர் கலந்து காலையில் சில சொட்டு, பின்னேரம் சில சொட்டு. சுத்தியலால் தலையில் மெல்ல நாலு தட்டு. இரும்பாக இருந்ததைவிடக் கறளானதும் அதிக இடம் எடுத்துக்கொள்ளும். அது மரைக்குள் உப்பி அடைத்துக்கொண்டிருக்கிறது, எண்ணெய் தன் பாட்டில் ஊறட்டும் என்றார். மலபரிபாகம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். மலம் பழுக்காத உயிரில் அருள் பதியாது. சும்மா இருப்பதல்ல இது, ஒவ்வொரு நாளும் தட்டவும் வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தரம் இழுத்துப் பார்க்கட்டுமா என்றதற்கு, "கை வைக்காதீங்க சேர்" என்றார்.

மூன்றாம் நாள் 12 சொக்கெட் ஒன்றை எடுத்தார். அளவுக்கு ஒரு படி சின்னது. உருண்ட தலைமேல் வைத்து அடித்து இறக்கினார். பிறகு கைப்பிடியை முறுக்கினார், இறுக்கும் பக்கமாக. நான் பதறிப்போய், "பாஸ், மற்றப் பக்கம்!" என்றேன். தெரியும் என்றார். முதலில் கொஞ்சம் இறுக்கினால்தான் கறள் உடையும், எடுத்த எடுப்பிலேயே கழற்றப் போனால் போல்ட்டே முறியும்.

ஈசனின் ஐந்தொழிலில் மறைத்தலை மட்டும் நான் வகுப்பில் விளங்க வைத்ததில்லை. படைப்பதும் காப்பதும் அழிப்பதும் புரியும், அருளுவதும் புரியும், மறைப்பது ஏன்? திரோதான சத்தி மலத்தோடு சேர்ந்து நின்று, உயிரை உலகத்தில் இன்னும் இறுக்கி, மலத்தைப் பழுக்க வைக்கிறது, அதனால் அதுவும் அருள்தான் என்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே வாசித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். ஒரு பையன் மட்டும், "அப்ப இறுக்கிறதும் அவர்தானா சேர்?" என்று கேட்டான். மணி அடித்தது. இப்போது அவனுக்கு நாற்பது வயதிருக்கும்.

கறள் உடைகிறபோது டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பிறகு கால் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம், கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே வந்தது. பாஸ் அதை என் கையில் தந்தார், இன்னும் சூடாக இருந்தது. மரையெல்லாம் அம்மைத் தழும்பு. கறள் எங்கும் போகவில்லை, அதன் பிடிதான் போயிருந்தது. முத்தியிலும் ஆணவம் அழியாது, அதன் சத்தி மட்டும் அடங்கிவிடும் என்று நான் சொன்னபோது ஒரு பிள்ளையும் நம்பவில்லை.

புது போல்ட்டைத் தலைமாற்றிப் போடப்போவதாகச் சொல்கிறார் பாஸ். அடுத்த தரம் கழற்றுகிறவன் டோர்ஷன் பாரை இறக்க வேண்டியதில்லையாம். இன்னொரு போல்ட் இருக்கிறது. அதற்கும் எண்ணெய் விட்டாயிற்று. நாளைக்குப் போயா, கராஜ் பூட்டு.