இழிவுக்கு எடைக்கல் எது?

உடலை நிறுக்கத் தராசு உண்டு. உள்ளத்தில் ஏற்றிவைக்கப்பட்ட இழிவை நிறுக்க எடைக்கல் உண்டோ? உண்டு என்கிறது உளவியல்.

பண்டைக் கிரேக்கர், அடிமையின் மேனியிலும் குற்றவாளியின் மேனியிலும் குத்தி அடையாளம் பதித்தனர். இன்று அந்த ஊசி இல்லை. ஏளனச் சொல் இருக்கிறது. வடுவை இட்டவர் பிறர். ஆனால், "இது எமக்குத் தக்கதே" என்று வடுப்பட்டவரே எண்ணத் தொடங்கிவிடுகிறாரே, அந்நிலையன்றோ கொடிதினும் கொடிது!

அந்நிலையை அளக்கவே 2010-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ஜேசன் லில்லிசும் அவர்தம் துணைவரும் ஒரு வினாநிரலை வெளியிட்டனர். 12 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒரு பாதி, தன்னைத்தானே தாழ்த்திக்கொள்வதை அளக்கும். மறு பாதி, பிறர் இழிவுபடுத்துவரோ என்ற அச்சத்தை அளக்கும்.

எதற்கு இந்த இரண்டாம் தராசு? உடல் நிறையெண் 40-ஐ எட்டினால் கடும் உடற்பருமன் என்கிறது மருத்துவம். அந்த எண், எடையையும் உயரத்தையும் சொல்லும். சுமப்பவர் உள்ளத்தைச் சொல்லாது. ஒரே எடையுள்ள இருவரில் ஒருவர் தலைநிமிர்ந்து நடப்பார். மற்றவர் கண்ணாடிக்கு முகங்காட்டவும் கூசுவார்.

"வெட்கப்பட்டால்தானே மெலிவர்?" என்று கேட்பார் உளர். வெட்கம் மருந்தென்றால், இத்துணை ஏளனத்திற்குப் பின் எவரும் பருத்திருக்கலாகாதே! நடப்பதென்ன? இழிவுக்கு அஞ்சியவர், மருத்துவமனை வாயிலை மிதிக்கத் தயங்குகிறார், ஆடுகளத்தைவிட்டு அகல்கிறார். பசியையும் எடையையும் மனவுறுதி ஒன்றே ஆள்வதில்லை. பெற்றோர்வழி வரும் உடற்கூறும், 1994-இல் கண்டறியப்பட்ட லெப்டின் போன்ற சுரப்புகளும் அவற்றில் பங்கு கொள்கின்றன. சோம்பலும் பெருந்தீனியுமே பருமனுக்குக் காரணம் என்ற எண்ணம் சான்றுகளுக்கு முரணானது என்று 2020-இல் பன்னாட்டு வல்லுநர்கள் கூட்டறிக்கை விடுத்தனர்.

மூடநம்பிக்கையைச் சாடும் நாம் எப்படி நடந்துகொண்டோம்? வகுப்பில் ஒரு மாணவனைத் தோழர்கள் 'பூசணி' என்று அழைத்தபோது, ஆசிரியராகிய நாமும் சிரித்தோம். அவனும் சிரித்தான். அதனை இசைவு என்று கொண்டோம். பின்னொரு நாள், வருகைப் பதிவின்போது, "பூசணி வந்திருக்கிறேன், ஐயா" என்று அவனே எழுந்து சொன்னான். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! வினாநிரலில் குறியிடுபவர் துன்புறுபவர்தாம். ஆனால், அந்த மதிப்பெண் அவருக்கு மட்டுமா உரியது? தவறான பாடத்தை ஒருவர் நன்றாகக் கற்றிருக்கிறார் என்றால், முதலில் திருந்த வேண்டியவர் கற்பித்தவரன்றோ?