மாறாமல் இருப்பது எது?

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்திலே, பழமை குலையாமல் இன்னும் நடந்துவரும் ஒரு மதுச்சாலைக்குள், அந்நாட்டார் 'பப்' என்று வழங்கும் பொது விடுதிக்குள், புகுந்து சற்றே அமர்கிறவனுக்கு, அவன் என்னைப் போல மதுவைத் தீண்டாதவனாகவே இருந்தாலும், ஒரு தத்துவ விசாரம் தானாகவே மனத்தில் எழுகிறது. உத்திரங்கள் சில நூற்றாண்டுகளைக் கண்டவை. அவற்றின் கீழ் அமர்ந்திருப்பவர்களோ நேற்றுப் பிறந்தவர்கள். நிலவறைப் பீப்பாயில் இருக்கும் பானம் சில நாட்களுக்கு முன் வந்து, இன்னும் சில நாட்களில் தீர்ந்துபோவது. அப்படியிருக்க, 'இங்கே எதுவுமே மாறவில்லை' என்று வருகிறவர்களெல்லாம் வியக்கிறார்களே, உண்மையில் அங்கே மாறாமல் இருப்பது எது?

கோயிலில் கேட்கத் தக்க கேள்வியை மதுச்சாலையில் கேட்கலாமா என்ற தயக்கம், கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் வழிவந்த நமக்கு இயல்பானதே. குடியின் கேட்டை ஆங்கிலேயரும் அறியாதவர்கள் அல்லர். 1832-ஆம் ஆண்டிலேயே பிரெஸ்டன் நகரில் ஜோசப் லிவ்ஸியும் அவருடைய தோழர்களும் மதுவை அறவே விலக்குவதென்று உறுதிமொழி எடுத்துக்கொண்டு ஓர் இயக்கத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். ஆயினும் ஓர் ஊரின் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடிப் பேசி, குளிருக்கு ஒரே கணப்பைப் பகிர்ந்துகொண்டு, வழிப்போக்கனுக்கும் இடம் கொடுத்து வந்த ஸ்தலத்தில், மதுவுக்கு அப்பாற்பட்ட ஒரு தர்மமும் இருக்கத்தான் செய்கிறது.

பெர்க்ஷயரில் ஆல்ட்வர்த் என்னும் சிற்றூரில் உள்ள 'பெல்' விடுதி இதற்குத் தக்க உதாரணம். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் அக்கட்டடத்தை, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பத்தார் நடத்தி வருகிறார்கள். நீண்ட மேஜையிட்டு அதன் மேல் சாய்ந்து நின்று குடிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் பரவுவதற்கு முந்திய அமைப்பு அங்கே இன்னும் இருக்கிறது: கண்ணாடிப் பலகைகள் பொருத்திய ஒரு சிறு திறப்பு, அதற்கு அப்பால் பீர் ஊற்றித் தருபவர், இப்பால் மரப் பெஞ்சுகள், கணப்பு, ஒற்றை முள் கடிகாரம். அத்திறப்பின் அருகே ஒருவர் பின் ஒருவராக வந்து நின்று, தமக்குரியதைப் பெற்றுக்கொண்டு, முன்பின் அறியாதவனுக்கும் பெஞ்சில் சிறிது நகர்ந்து இடம் தருகிறார்கள். அந்த ஊரின் தேவாலயத்தில் ஒன்பது கற்சிலைகள் கிடக்கின்றன. டி லா பெச் என்ற பிரபு குலத்தாரின் நினைவாகப் பதினான்காம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டவை. காலத்தை வெல்ல வேண்டுமென்றே கல்லில் வடித்த அவ்வுருவங்கள் மூக்கும் கரமும் சிதைந்து கிடக்க, காலத்தை வெல்லும் எண்ணமே இல்லாமல் அன்றாட வேலையை அன்றாடம் செய்த சாதாரணக் குடும்பம் ஒன்று தன் விடுதியை முழுமையாகக் காத்து நிற்பது சிந்திக்கத் தக்கது.

அந்த அன்றாட வேலை எத்தகையது என்பதைப் பீப்பாயின் அருகே சென்று பார்த்தால்தான் தெரியும். முளைகட்டிய பார்லியும் ஹாப்ஸும் சேர்த்துக் காய்ச்சிய அவர்களுடைய மரபான 'ஏல்', ஈஸ்ட் உயிரோடிருக்கும்போதே பீப்பாய்க்குள் அடைக்கப்பட்டு, நிலவறைக்கு வந்த பிறகும் புளித்துக்கொண்டே இருக்கிறது. விடுதிக்காரர் பீப்பாயின் மேல்துளையில் மென்மரத்தாலான சிறு முளை ஒன்றைச் செருகி, மிகுதியான வாயு கசிந்து வெளியேறும்படி விட்டு, நுரை அடங்கும் பதம் பார்த்து, பின்பு வன்மர முளையை மாற்றிச் செருகுகிறார். பன்னிரண்டு டிகிரி அளவிலான குளிர்ச்சி கூடவும் விடாமல் குறையவும் விடாமல் காக்கிறார். திறந்த பீப்பாயோ சில நாட்களுக்குள் கெட்டுவிடும். இந்தத் தொல்லை வேண்டாமென்றுதான், ஈஸ்டை வடிகட்டிச் சூடேற்றி, வாயுவை ஏற்றி அனுப்பும் பீரைப் பெரிய ஆலைகள் நாடெங்கும் பரப்பின. அதை எதிர்த்து நால்வர் 1971-இல் தொடங்கிய இயக்கம் இன்று 'கேம்ரா' என்ற பெயரால் அறியப்படுகிறது. ஆலைப் பானம் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. அதில் ஜீவன் இல்லை. உயிருள்ளது கெடும் தன்மையோடுதான் வருகிறது. அதனால்தான் அதற்கு ஒரு காவலனும் தேவைப்படுகிறான்.

இரவு முழுவதும் எரியும் விளக்கில் முதல் ஜாமத்துச் சுடரும் கடை ஜாமத்துச் சுடரும் ஒன்றா வேறா என்று நாகசேனர் என்னும் துறவி மிலிந்த மன்னனிடம் கேட்டதாகப் பௌத்த நூல் கூறும். க்ஷணந்தோறும் அழிந்து பிறக்கும் தொடர்ச்சியையன்றி நிலையான பொருளென்று எதுவுமில்லை என்பது பௌத்தர்கள் கட்சி. மாறுவனவற்றுக்கெல்லாம் ஆதாரமாக மாறாத சத்தியம் ஒன்று உண்டு என்பது வேதாந்திகளின் முடிவு. இவ்விரண்டையும் மறுக்காமலே, லௌகிக வாழ்வுக்கு நெருக்கமான வேறொரு விடையை நமது நித்திய கர்மம் என்ற கொள்கையில் நான் காண்கிறேன். பலனைக் கருதாமல் நாள்தோறும் செய்ய வேண்டியதை நாள்தோறும் செய்வது என்ற அந்த நியமமே, பொருளும் மனிதரும் கணந்தோறும் மாறும் உலகில், ஓரிடத்தை அதே இடமாக வைத்திருக்கிறது.

வூஸ்டர்ஷயரில் பிரெட்ஃபோர்டன் கிராமத்து 'ஃப்ளீஸ்' விடுதி இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பல தலைமுறைகளாகத் தம் குடும்பத்துக்கு உரியதாயிருந்த அவ்விடுதியை லோலா டாப்ளின் என்னும் மூதாட்டி 1977-இல் காலமானபோது, அது அப்படியே விடுதியாக நடந்துவர வேண்டுமென்று, தேசியப் பாரம்பரிய அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டார். புகைபோக்கி வழியாகத் தீய சக்திகள் இறங்காதிருக்கக் கணப்பின் முன் வெள்ளை வட்டங்கள் வரையும் பழைய வழக்கம் அங்கே இன்னும் தொடர்கிறது. மிதிபட்டு அழியும் வட்டத்தை மீண்டும் மீண்டும் எவரேனும் வரைந்தால்தானே அது இருக்கும்! 2004-இல் அவ்விடுதியின் வைக்கோல் கூரையில் தீப்பற்றிப் பெருஞ்சேதம் விளைந்தது. சீர்செய்து திரும்பத் திறந்தபோது, புதிய கூரையைக் காரணமாகக் காட்டி, இது வேறு விடுதி என்று சொல்ல யாருக்கும் தோன்றியிருக்காது.

ஆனால் பழையது என்பதற்காகவே எல்லாவற்றையும் காப்பது தர்மமாகாது. உழைப்பாளிக்கு ஓர் அறையும் கனவானுக்கு வேறோர் அறையும் என்று பிரித்து, இரண்டிலும் விலையைக்கூட வேறாக வைத்ததும், பெண்கள் தனியே வந்தால் முகம் சுளித்ததும் அதே மதுச்சாலைகளின் சம்பிரதாயங்கள்தாம். அவற்றைக் கைவிட்டதனால் எந்த விடுதியும் தன் சுயத்தை இழந்துவிடவில்லை. மனிதனுக்கு மனிதன் இடம் தருவது விடுதியின் ஆத்மா என்றால், அதற்குத் தடையாக இருந்தவற்றை நீக்கியது அந்த ஆத்மாவுக்குச் செய்த தொண்டே ஆகும். எதைக் காப்பது, எதை விடுவது என்ற விவேகத்தையும் நித்திய கர்மத்தோடு சேர்த்தே ஒவ்வொரு தலைமுறையும் ஏற்க வேண்டியிருக்கிறது.

மேலும், இக்கடமை விடுதிக்காரரோடு முடிந்துவிடுவதில்லை. ஒருவரும் வந்து அமராத விடுதியை எந்தப் பரம்பரையாலும் காப்பாற்ற முடியாது. கிராமந்தோறும் மூடிக் கிடக்கும் விடுதிகளே அதற்குச் சாட்சி. ஆகவே, கெடாத பழமையைக் காண வேண்டுமென்று தேடிச் செல்கிற யாத்திரிகன், பார்த்து வியந்துவிட்டுத் திரும்பினால் போதாது. மதுவை ஏற்காதவனும் தன் பசிக்கு உணவை வாங்கி, உரிய விலையைக் கொடுத்து, அங்குள்ளவரோடு நாலு வார்த்தை பேசி, அடுத்து வருகிறவனுக்குப் பெஞ்சில் நகர்ந்து இடம் தர வேண்டும். நிலைத்தவற்றை ஆண்டவன் நம்மிடம் தருவதில்லை, நிலைநிறுத்தும் பணியையே தருகிறான் என்று நான் நம்புகிறேன். அப்பணியில் விருந்தாளிக்கும் ஒரு பங்கு உண்டு.