மலிவு விலையில் ஒரு சிகரம்

கிளிமஞ்சாரோ தேசியப் பூங்காவின் மச்சாமே வாயிலில் காலை நேரத்தில் தராசுக்கு ஓய்வே கிடையாது. மலையேற வந்தவர்களின் பைகள், கூடாரத் துணி, எரிவாயு உருளை, முட்டை அட்டைகள், மடக்கு நாற்காலிகள் என்று ஒவ்வொன்றும் எடை பார்க்கப்படுகிறது. ஒரு சுமைதூக்கிக்கு 20 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பூங்காவின் விதி. எடை சரியென்றதும் மூட்டை தலைக்கோ பிடரிக்கோ போகிறது. தன் போர்வையையும் மாற்றுத்துணியையும் சுமைதூக்கி தனியே முதுகில் மாட்டிக்கொள்கிறார். ஏற வந்தவரிடம் ஒரு சிறு பையும் ஊன்றுகோலும் மட்டும். ‘பொலே பொலே’, அதாவது மெல்ல மெல்ல, என்று வழிகாட்டி சொல்லச் சொல்ல அவர் அடிமேல் அடி வைக்கிறார். சுமைதூக்கிகளோ ஓட்டமும் நடையுமாக அவரைத் தாண்டிப் போய், அவர் வந்து சேர்வதற்குள் கூடாரம் அடித்து வெந்நீர் வைத்திருக்க வேண்டும்.

தான்சானியாவின் இந்த மலை 5,895 மீட்டர். ஆப்பிரிக்காவில் இதைவிட உயரம் இல்லை. கயிறும் பனிக்கோடரியும் வேண்டாத பாதைகள் இருப்பதால், அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து வருகிறவர்களும் துணிந்து ஏறுகிறார்கள். வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி இல்லை. சமையல்காரர், சுமைதூக்கிகள் என்று எல்லோரையும் சேர்த்தால், ஏறுகிறவர் ஒருவருக்கு மூன்று நான்கு பேராவது கூடவே ஏறுகிறார்கள். ஒருவரின் ஆசைக்காக இத்தனை பேர் பாரம் சுமப்பது முறைதானா?

முறையல்ல என்பது இரக்கமுள்ளவர்கள் சட்டென்று சொல்லும் பதில். அதற்கு வரலாறும் துணை நிற்கிறது. 1889இல் ஹான்ஸ் மேயரும் லுட்விக் புர்ட்ஷெல்லரும் உச்சியைத் தொட்டார்கள். அவர்களுக்காக மூட்டை சுமந்த ஆப்பிரிக்கர்கள் பலர். புத்தகங்களில் பெரும்பாலும் நின்றவை அந்த இரண்டு பெயர்கள். ஆனால் 2019இல் தான்சானிய அரசு இந்த மலைக்குக் கேபிள் கார் கொண்டுவரும் யோசனையைச் சொன்னபோது எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும்: சுமைதூக்கிகளும் வழிகாட்டிகளும். சுமை போனால் பிழைப்பும் போகும் என்றார்கள். அடிவாரத்தில் வாழையும் காப்பியும் பயிரிடும் சாகா மக்களுக்கு மலை தரும் கூலி சிறிய விஷயமல்ல. இதையெல்லாம் கேளாமல், தூரத்து நகரத்தில் இருந்துகொண்டு ‘நான் யார் முதுகிலும் ஏற மாட்டேன்’ என்பவரின் மனம் சுத்தமாக இருக்கலாம். ஆனால் அடிவார நகரான மோஷியில் ஒரு வீட்டில் உலை ஏறாது.

அதற்காக, ‘வேலை கொடுக்கிறோமே, போதாதா’ என்பவர்களையும் அப்படியே விட்டுவிட முடியாது. பாரம் சுமப்பதில் இழிவு எதுவும் இல்லை. கெடுவது அதற்கு முன்பே, விலை பேசும் இடத்தில்.

கணக்கைப் பார்க்கலாம். வெளிநாட்டவருக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் அண்மை ஆண்டுகளில் நாளொன்றுக்கு 70 டாலர், கூடாரக் கட்டணம் இரவுக்கு 50, மீட்புக் கட்டணம் பயணத்துக்கு 20. ஏழு நாள், ஆறு இரவுப் பயணத்துக்கு 810 டாலர். 18 சதவீத வரியோடு ஏறத்தாழ 956. இதில் யாராலும் ஒரு காசு குறைக்க முடியாது. வண்டி வாடகையும் மளிகையும் ஓரளவுக்கு மேல் குறையாது. ஆக, ஒரு நிறுவனம் மற்றவர்களைவிட 400 டாலர் குறைத்துத் தருகிறது என்றால், அந்த 400 எங்கிருந்து வருகிறது? மிச்சம் இருப்பது கூலியும் சாப்பாடும் கம்பளியும்தான். மூன்று வேளை இரண்டாகிறது. சுமைதூக்கிகள் தனிக் கூடாரம் இல்லாமல், விருந்தினர் சாப்பிட்டு எழுந்த பிறகு அதே சாப்பாட்டுக் கூடாரத்தில் நெருக்கியடித்துப் படுக்கிறார்கள். மோஷியில் 2003 முதல் இயங்கும் கிளிமஞ்சாரோ சுமைதூக்கிகள் உதவித் திட்டம் குளிருடையும் காலணியும் இலவசமாக இரவல் கொடுக்கிறது. நல்ல காரியம். ஆனால் உறைகுளிருக்குள் ஆளை அனுப்பும் முதலாளி வாங்கித் தர வேண்டியதை ஒரு தொண்டு அமைப்பு தருகிறது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

இணையத்தில் பத்து நிறுவனங்களை ஒப்பிட்டு, இன்னும் கொஞ்சம் குறையுங்கள் என்று கேட்கிறவர் ஒரு முகத்தையும் பார்த்திருக்க மாட்டார். பேரத்தில் சாமர்த்தியம் காட்டியதாகவே நினைப்பார். பிறகு கடைசி நாள் வருகிறது. எல்லோரும் வரிசையாக நின்று பாடி ஆடுகிறார்கள். கண் கலங்க அவர் ஓர் உறையை நீட்டுகிறார். கொடுக்க வேண்டியதைக் குறைத்தவர் அன்று கொடையாளி ஆகிறார். அந்த உறை பெரும்பாலும் தலைமை வழிகாட்டியின் கைக்குப் போகிறது. அதில் எவ்வளவு சுமைதூக்கியின் பைக்குச் சேரும் என்பது அந்த மனிதரின் நேர்மையைப் பொறுத்தது. டிப்ஸ் வேண்டாம் என்பதல்ல வாதம். நிலைமை அப்படியே இருக்க, டிப்ஸை நிறுத்துவது கொடுமை. ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுப்பதே நல்லது. கூலி உரிமை என்றால் குறைந்தபோது சண்டை போடலாம். அன்பளிப்பு குறைந்தால் புன்னகைக்கத்தான் முடியும்.

தனிக் கழிப்பறைக் கூடாரம் இன்னொரு சங்கடம். முகாம்களின் பொதுக் கழிப்பறைகள் நாறும் என்பதால் பலர் கேட்டு வாங்குகிறார்கள். அதைத் தூக்கவும் கழுவவும் தனியாக ஓர் ஆள். மலை அசுத்தமாகாமல் இருக்கிறது என்ற நியாயம் மெய்தான். கையுறையும் கூடுதல் கூலியும் அவருக்கு உண்டா என்று விசாரிக்காமல் அந்த நியாயத்தைச் சொல்ல யாருக்கும் வாயில்லை.

எல்லாவற்றையும்விடக் கடினமான தருணம் சிகர இரவு. கடைசி முகாமான பாராஃபுவிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்புவார்கள். உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதியளவே. கால் தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். உடனே இறங்க வேண்டும். இறங்கச் சொல்ல வேண்டியவர் வழிகாட்டி. அவரது வருமானத்தில் பெரும்பங்கு, சிகரத்தை எட்டிய மகிழ்ச்சியில் விருந்தினர் தரும் பணம். இவ்வளவு செலவழித்து வந்தேன், இன்னும் ஒரு மணி நேரம்தானே என்று கெஞ்சுகிறவரிடம் அவர் எவ்வளவு உறுதியாக நிற்பார்? நல்ல வழிகாட்டிகள் நிற்கிறார்கள். ஆனால் அந்த உறுதிக்கு அவர்கள் சொந்தக் காசைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. தலைவலியை மறைத்துக்கொண்டு சுமக்கும் சுமைதூக்கிக்கும் இதே நிலைதான்: பாதியில் இறக்கிவிட்டால் மிச்ச நாள் கூலி என்னாகும்? நோய்வாய்ப்பட்டால் முழுக்கூலி உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கலாம். கழிப்பறைக் கூடாரம் கேட்கத் தெரிந்தவருக்கு இதுவும் கேட்கத் தெரியும்.

நியாயமான விலை கொடுத்தால் எளியவர்கள் ஏறவே முடியாதே என்ற மறுப்பு உண்டு. உண்மை, பலரால் முடியாது. ஆனால் சிகரம் யாரும் யாருக்கும் பட்ட கடன் அல்ல. மராங்கு வாயிலிலிருந்து மழைக்காட்டின் ஊடாக 2,720 மீட்டரில் உள்ள மண்டாரா குடில்வரை ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஒரு நாள் கட்டணமும் ஒரு வழிகாட்டியும் கட்டுச்சோறும் போதும். உச்சிப் பலகையடியில் நின்று எடுத்த படம் மட்டும் கிடைக்காது.