வலையின் எந்தப் பக்கம்

2008-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி, காலையில் கொடியேற்றத்தில் கொடுத்த மிட்டாயின் தித்திப்பு குழந்தைகளின் நாவை விட்டு இன்னும் போகாத சாயங்கால வேளையில், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சீனப் பெண்களும் அமெரிக்கப் பெண்களும் ஆடிய கைப்பந்துப் பந்தயத்தை நானும் ஒரு நண்பரும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அமெரிக்கா 3-2 என்ற கணக்கில் ஜெயித்தது. ஜெயித்த அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவரோ லாங் பிங் என்ற சீனப் பெண்மணி. "பிறந்த வீட்டு வாசலிலேயே வந்து நின்று, பிறந்த வீட்டையே தோற்கடித்துவிட்டாளே!" என்றார் நண்பர். தேசாபிமானம் சற்று அதிகமாகச் சுரக்கும் தினமாகையால் நான் வாதாடவில்லை. ஆனால் அவர் சொன்னது நெஞ்சில் நெருஞ்சி முள்ளாகத் தங்கிவிட்டது.

தியான்ஜின் நகரத்தில் 1960-ல் பிறந்த லாங் பிங்குக்கு, ஆடிய காலத்தில் 'இரும்புச் சுத்தியல்' என்று பெயர். ஓரத்திலிருந்து இரண்டு மூன்று எட்டில் ஓடிவந்து, இரு கைகளையும் பின்னுக்கு வீசி எழும்பி, உடம்பு வில்லாக வளைந்த அந்த ஒரு கணம் ஆகாயத்திலேயே தங்கிவிட்டதோ என்று நாம் பிரமிக்கும்போதே பந்து எதிர்த்தரையில் அறைந்திருக்கும். 1981-ல் ஜப்பானை அதன் சொந்த நகரமான ஒஸாகாவில் 3-2 என்று வென்று உலகக் கோப்பையைக் கொண்டுவந்த அணியிலும், அடுத்த வருஷம் உலகச் சாம்பியன் பட்டம் பெற்ற அணியிலும், 1984-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியிலும் அந்தச் சுத்தியல் ஓங்கி இறங்கியது. உலகத்துக்கு அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்த ஒரு மகாதேசம், தன் ஆத்ம கௌரவத்தையெல்லாம் ஒரு பெண்ணின் வலது தோளில் ஏற்றி வைத்தது என்றால் அது அதிசயோக்தி அல்ல. பாரத்தைத் தோள் தாங்கியது. முழங்கால்கள்தாம் நெடுநாள் வட்டி கட்டின.

1987-ல் அவர் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். திரும்பி வந்து 1996-ல் பயிற்சியாளராகச் சீனாவுக்கு ஒலிம்பிக் வெள்ளி வாங்கிக் கொடுத்தார். பன்னிரண்டு வருஷம் கழித்து அதே வெள்ளியை, அதே பதவியிலிருந்து, அமெரிக்காவுக்கு வாங்கிக் கொடுத்தார். அவருடைய மகள் வளர்ந்தது அமெரிக்காவில். தாய் மகள் இருக்கும் இடத்தில் இருக்க விரும்புவதற்கு ராஜீய விளக்கம் எதற்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

நண்பர் சொன்ன 'பிறந்த வீடு' என்ற உவமையையே எடுத்துக்கொள்வோம். நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தாய்வீட்டில் கற்ற கைமணத்தைப் புகுந்த வீட்டு அடுப்பில்தானே காட்டிவருகிறார்கள்? அதைத் துரோகம் என்று எவரும் சொன்னதில்லை. ஒரு சமஸ்தானத்து வித்வான் மற்றொரு சமஸ்தானத்தின் அழைப்பை ஏற்றுப் பாடினால், சங்கீதத்தின் கீர்த்தி இரண்டு ஊர்களில் பரவிற்று என்றுதான் சந்தோஷப்பட்டோம். ஆனால் பாட்டிலும் சமையலிலும் ஒருவர் ஜெயிக்க மற்றொருவர் தோற்க வேண்டியதில்லை, பந்தயத்தில் தோற்றாக வேண்டும் என்று நண்பர் மறுத்திருப்பார். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. அதற்கு என்னிடம் முழுமையான பதில் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஒன்று மட்டும் கவனித்தேன்: அன்று சீன அணியின் பயிற்சியாளராக எதிரே நின்ற சென் சொங்ஹே, லாங் பிங் ஆடிய நாட்களில் அந்தப் பெண்களுக்கு ஓயாமல் பந்து அடித்துக் கொடுத்துப் பழக்கியவர்; பிற்பாடு அவருக்கே உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். வலையின் இரு புறத்திலும் நின்றது ஒரே குருகுலம்.

2013-ல் லாங் பிங்கை மறுபடி சீன அணி அழைத்துக்கொண்டது. 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் முதற் சுற்றின் ஐந்து ஆட்டங்களில் மூன்றைத் தோற்று, தட்டுத் தடுமாறிக் கால் இறுதியை எட்டிய அணி, அங்கே பிரேசிலை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று சாய்த்தது. பிறகு முதற் சுற்றில் தன்னை வென்றிருந்த நெதர்லாந்தையும் செர்பியாவையும் வரிசையாக வென்று தங்கத்தைப் பெற்றது. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒலிம்பிக் கைப்பந்தில் தங்கம் கண்ட முதல் மனிதர் ஆனார் லாங் பிங். நண்பர் அன்று தொலைபேசியில் கூப்பிட்டு, "பார்த்தீரா, வீடு திரும்பிவிட்டாள்!" என்றார். எட்டு வருஷமாக அவர் மனத்திலும் அந்த முள் இருந்திருக்கிறது போலும்.

எனக்கோ ரியோவைக் காட்டிலும் டோக்கியோவே அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கொள்ளைநோயால் ஒரு வருஷம் தள்ளி 2021-ல் நடந்த அந்த ஒலிம்பிக்கில், சீன அணி முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்றது. ஆகஸ்டு 2-ந் தேதி அர்ஜென்டினாவுடன் கடைசி ஆட்டம். ஜெயித்தாலும் அடுத்த சுற்று இல்லை, பதக்கம் இல்லை, ரசிகர்களுக்கு அனுமதி இல்லாததால் கைதட்டும் கூட்டமும் இல்லை. பந்து தரையில் விழும் ஓசை காலி நாற்காலிகளில் பட்டு எதிரொலிக்கும் அந்த அரங்கத்தில் அவருடைய பெண்கள் ஒரு செட்டையும் விட்டுக்கொடுக்காமல் 3-0 என்று ஜெயித்தார்கள். பிறகு லாங் பிங் அவர்களை ஒவ்வொருவராக அணைத்துக்கொண்டார்.